வருமுன் காக்கும் சோதனை

மாடு விரைவாகக் கொழுத்தால் தீவனச் செலவு குறையும், இறைச்சி மிகும். இதனால் அமெரிக்கப் பண்ணைகள் பலவற்றில் இறைச்சி மாடுகளின் காதுத் தோலுக்கு அடியில் ஹார்மோன் வில்லைகளைப் பொருத்துகின்றனர். முறையாகப் பயன்படுத்தினால் தீங்கில்லை என்பது அந்நாட்டு அரசின் நிலை. ஐரோப்பிய நாடுகளோ 1988 முதல் இவ்வழக்கத்தைத் தடை செய்துள்ளன. இவ்வாறு நாடுகள் முரண்படும்போது, சோதனை எப்போது நடைபெற வேண்டும் என்னும் வினா முதன்மை பெறுகிறது.

இதற்கு விடை கூறும் வரலாறு ஒன்று உண்டு. டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஹார்மோனை 1954 முதல் அமெரிக்காவில் மாடுகளுக்கு வழங்கினர். கருவுற்ற பெண்களுக்கும் அது மருந்தாகத் தரப்பட்டது. அம்மருந்தை உட்கொண்ட தாய்மாரின் பெண்மக்கள் சிலருக்கு அரிய வகைப் புற்றுநோய் தோன்றியதை 1971இல் மருத்துவர்கள் கண்டறிந்தனர். கால்நடைகளுக்கு அதனை வழங்குவது 1979இல்தான் தடை செய்யப்பட்டது.

புதிய பொருள்களைச் சோதிக்கும் எளிய வழிகளுள் ஒன்று ஏம்ஸ் சோதனை. ஒரு பொருள் பாக்டீரியாவின் மரபுப் பண்பை மாற்றுகிறதா என்பதை அது காட்டும். மேற்கூறிய ஹார்மோன் அச்சோதனையில் குற்றமற்றதாகவே தோன்றியது. ஆனால், சிரிய ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தின் கருச்செல்களில் அதனை இட்டபோது, அவை புற்றுத்தன்மை அடைந்தன. இம்முடிவு வெளிவந்த ஆண்டு 1981. தீங்கு முந்தியது, சோதனை பிந்தியது!

கண்ணாடித் தட்டில் வளரும் செல் முழு உடல் ஆகாது என்பர் சிலர். அது உண்மையே. உடலில் கல்லீரல் பல பொருள்களைச் சிதைக்கிறது. இறைச்சியில் எஞ்சும் ஹார்மோனின் அளவும் மருந்தின் அளவினும் மிகக் குறைவு. எனவே, செல் சோதனையை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளுதல் தகாது. எனினும், எச்சரிக்கை மணி ஒலித்த பின்னும் வாளாவிருத்தல் அறிவுடைமை ஆகாது. ஒரே சோதனையில் தேறியது என்பதற்காக ஒரு பொருளை நம்பிவிடுதலும் பிழையே.

ஆகவே, ஒன்றுக்கு மேற்பட்ட சோதனைகளைக் கடந்த பின்னரே எப்பொருளும் கால்நடைக்குச் செல்ல வேண்டும். தீங்கில்லை என மெய்ப்பிக்கும் கடமை விற்பவரைச் சார்ந்தது. தீங்கு உண்டெனத் தம் உடலால் மெய்ப்பிக்கும் நிலை உண்பவருக்கு வருதல் கூடாது.