பொது என்னும் சொல்லும் எங்கள் மைதானமும்

கல்வி அலுவலகம் ஒன்று தம் குடியிருப்புக்கு வருவதை ஆசிரியர் குடும்பங்களே எதிர்க்கலாமா என்று இரண்டு வாரங்களாகப் பலரும் எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் குடியிருப்பு மாவட்டத் தலைநகர் ஒன்றின் புறத்தே, பேருந்து நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வீடுகளில் சரிபாதிக்கு மேல் பள்ளியிலோ கல்லூரியிலோ கற்பிப்பவர் ஒருவராவது உண்டு. மனைப்பிரிவு வரைபடத்தில் 'பூங்கா மற்றும் விளையாட்டிடம்' எனக் குறிக்கப்பட்ட நடுநிலத்தில்தான் அலுவலகம் கட்ட முனைகிறார்கள். உள்ளபடி சொன்னால் அங்கே பூங்கா ஏதும் இல்லை. இரண்டு வேப்பமரம், ஒரு புங்கமரம், மூங்கிலில் கட்டிய கைப்பந்து வலை, மாலையில் பிள்ளைகள். கோப்பில் அதற்குப் பெயர் 'காலி இடம்'.

அலுவலகத்துக்கு இடமில்லை என்பது பொய்யன்று. 2018 இல் தமிழகத்தில் புதிதாக 52 கல்வி மாவட்டங்கள் உருவாக்கப்பட்டன. 2019, 2020 ஆம் ஆண்டுகளில் ஆறு புதிய வருவாய் மாவட்டங்கள் தோன்றின. 2022 இல் மீண்டும் ஒரு சீரமைப்பு; தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் தனியார் பள்ளிகளுக்கும் தனித்தனியே மாவட்டக் கல்வி அலுவலர்கள் வந்தார்கள். பதவியை ஓர் அரசாணையில் உண்டாக்கிவிடலாம். கட்டடத்தை அப்படி உண்டாக்க இயலாது. ஆகவே பல ஊர்களில் அரசுப் பள்ளிகளின் வகுப்பறைகளே அலுவலகங்களாயின. வாடகைக்குப் போகலாமெனில், பொதுப்பணித் துறை குறித்துத் தரும் வாடகைக்கு நகரின் நடுவில் இடம் கொடுக்க எவரும் எளிதில் முன்வருவதில்லை. கடைசியில் கண்ணில் படுவது, சுற்றுச்சுவர் இல்லாத, கேட்பாரற்றது போல் தோன்றும் இப்படியோர் இடம்.

அலுவலகம் என்றதும் பத்துப் பேர் மேசையில் அமர்ந்து எழுதும் காட்சியே நினைவுக்கு வரும். கல்வி அலுவலகம் அத்தகையதன்று. கோடை விடுமுறையில் இடமாறுதல் கலந்தாய்வு, பள்ளி திறக்கும் காலத்தில் பாடநூலும் குறிப்பேடும் ஏற்றிய லாரிகள், மார்ச்சில் பொதுத்தேர்வு அலுவல், ஆண்டு முழுவதும் அங்கீகாரப் புதுப்பிப்புக்கு வரும் தாளாளர்களின் கார்கள், ஓய்வூதியக் கோப்பைத் தேடி வரும் முதியவர்கள் என்று ஓயாத வரத்து உண்டு. எமிஸ் இணையத்தளம் வந்தபின் நடை குறையும் என்றார்கள். இணையத்தில் பதிந்துவிட்டு, பதிந்ததன் படியை நேரில் கொண்டுவந்து கொடுப்பது இப்போதைய வழக்கம்! போராட்டங்களையும் மறப்பதற்கில்லை. 2022 டிசம்பர் இறுதியில் இடைநிலை ஆசிரியர்கள் சம ஊதியம் கேட்டுச் சென்னைக் கல்லூரிச் சாலையிலுள்ள டி.பி.ஐ. வளாகத்தில் குடும்பத்தோடு உண்ணாநிலை இருந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அது பெருவளாகம், அகன்ற சாலை. எங்கள் தெருவின் அகலம் 23 அடி. இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும்.

எங்களுள் சிலர் முன்வைக்கும் வாதங்கள் எங்களுக்கே உவப்பாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனை விலை குறையும் என்றார் ஒருவர். கண்டவர்களும் தெருவில் நடமாடுவார்கள், பெண்பிள்ளைகள் இருக்கும் இடம் என்றார் மற்றொருவர். யார் அந்தக் கண்டவர்கள்? சிற்றூர்களிலிருந்து வரும் சத்துணவு அமைப்பாளர்கள், தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்கள், மாற்றுச் சான்றிதழில் பெயர்ப்பிழை திருத்த வரும் பெற்றோர்கள். நம் மாணவர்களின் தாய் தந்தையர் நம் தெருவில் நடப்பதை இழுக்காகக் கருதும் மனத்துக்கு மறுமொழி கூறி நேரம் போக்க விரும்பவில்லை. அவ்வாதம் மனுவில் இடம்பெறலாகாது என்று வற்புறுத்தி நீக்கச் செய்தோம்.

அந்த மனிதர்களின் பக்கம் நின்று பார்த்தால்தான் இந்த இடத்தேர்வின் பிழை தெளிவாகத் தெரிகிறது. எழுபது வயதைக் கடந்த, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வட்டத்தின் கடைக்கோடியிலிருந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருந்து மாறி நகரை அடைகிறார். அங்கிருந்து எங்கள் பகுதிக்கு நகரப் பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இடைப்பட்ட நேரத்தில் ஆட்டோதான். ஓட்டுநர் வைத்ததே கட்டணம். எழுத்தர் அன்று விடுப்பில் இருந்தால் மறுநாளும் இதே பயணம். கருவூலமும் ஆட்சியர் அலுவலகமும் பேருந்து நிலையத்தை ஒட்டியே இருக்க, அவ்விடங்களோடு நாள்தோறும் தொடர்புடைய ஓர் அலுவலகத்தை மட்டும் ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைப்பது யாருக்கு வசதி? நிலம் இலவசம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எங்களுக்குத் தென்படவில்லை. அந்தச் செலவைத்தான் வருவோர் ஆட்டோக் கட்டணமாகக் கட்டப்போகிறார்கள்.

அதிகாரிகளிடம் பேசியபோது அவர்கள் திரும்பத் திரும்ப எடுத்தாண்ட சொல் 'பொது'. பொது நிலம், பொது நோக்கம், பொது அலுவலகம். தமிழ் படித்த எங்களைப் போன்றோரால் இச்சொல்லைக் கேட்டுவிட்டு வாளா இருக்க முடியவில்லை. பழந்தமிழர் ஊர் நடுவே மரத்தடியில் மன்றம் வைத்தார்கள். பொதியில் என்றும் அதைச் சொன்னார்கள். அது வேந்தனின் இடம் அன்று, ஊரார் கூடும் இடம். பிற்காலத்தில் 'புறம்போக்கு' என்னும் வருவாய்த்துறைச் சொல்லுக்கு நேர்ந்ததை அனைவரும் அறிவோம். வரி விதிப்புக்குப் புறத்தே, பலருடைய பயன்பாட்டுக்கென விடப்பட்ட நிலத்தைக் குறித்த சொல் இன்று வசைச்சொல். 2017 இல் எண்ணூர்க் கழிமுகத்துக்காக டி.எம். கிருஷ்ணா பாடிய பாடல்தான் அச்சொல்லின் பழைய பொருளைப் பலருக்கு நினைவூட்டியது. 'பொது' என்பதும் அவ்வழியே போய்க்கொண்டிருக்கிறதோ என்று ஐயுறுகிறோம். எல்லோருக்கும் உரியது என்னும் பொருள் தேய்ந்து, அரசுக்கு உரியது என்னும் பொருள் தடித்துவிட்டது.

ஊரை வகுத்துக் காணும் பார்வையும் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதையில் புகார் நகரம் மருவூர்ப்பாக்கமாகவும் பட்டினப்பாக்கமாகவும் பிரிந்து கிடக்கிறது. நாளங்காடி இரண்டுக்கும் இடையிலுள்ள சோலையில் அமைகிறது. (இதைக் கொண்டு இளங்கோவடிகளை நகரமைப்பு வல்லுநர் ஆக்கிவிட வேண்டாம். வகுப்பில் அப்படிச் சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள்.)

சட்டமும் எங்களைக் கைவிடவில்லை. பெங்களூரு ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தை முதலமைச்சரின் உத்தரவின்பேரில் தனியார் மருத்துவமனைக்கு அளித்தார்கள். குடியிருப்போர் வழக்குத் தொடுத்தனர். மருத்துவமனையும் மக்கள் நலத்துக்குத்தானே என்னும் வாதத்தை உச்ச நீதிமன்றம் 1991 இல் ஏற்கவில்லை. திட்டத்தில் திறந்தவெளி என்று ஒதுக்கியதை நிர்வாகம் தன் விருப்பப்படி மாற்றிவிட முடியாது என்றும், அதைத் தட்டிக்கேட்கும் உரிமை அங்கே குடியிருப்போருக்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. அது தனியார் மருத்துவமனை, இது அரசு அலுவலகம் என்பார்கள். வேறுபாடு உண்மையே. ஆயினும் கட்டுவது எவராயினும் பிள்ளைகள் இழப்பது ஒன்றேயன்றோ? தமிழகத்தில் 1971 ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. நிலப்பயன்பாட்டை மாற்ற வேண்டுமெனில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்டாக வேண்டும். எங்களை எவரும் கேட்கவில்லை. ஒருநாள் காலை அளவைச் சங்கிலியோடு நால்வர் வந்து நின்றபோதே செய்தி தெரிந்தது.

எங்களை மிகவும் உறுத்துவது வேறொன்று. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டிடம் வேண்டும் என்கிறது. 2004 இல் 94 குழந்தைகள் மாண்ட கும்பகோணம் தீவிபத்துக்குப் பின் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று ஒவ்வொன்றையும் கேட்டுச் சரிபார்க்கும் கடமை கல்வி அலுவலர்களின் தலையில் மேலும் அழுத்தமாக இறங்கியது. பள்ளியில் விளையாட்டிடம் எங்கே என்று தாளாளரைக் கேட்கப்போகும் அலுவலர், எங்கள் பிள்ளைகள் விளையாடிய இடத்தின்மேல் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டு அதைக் கேட்பார். எந்த முகத்தோடு கேட்பார் என்று தெரியவில்லை. வாடகைக் கட்டடத்தில் நடக்கும் நர்சரிப் பள்ளியின் தாளாளரும் அந்த மைதானத்தைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வார்.

அலுவலகம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆட்சியர் வளாகத்தின் பின்புறம் பழைய குடியிருப்புக் கட்டடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. பேருந்து நிலையத்துக்கு அருகில் கிடங்காகப் பயன்படும் அரசுக் கட்டடம் ஒன்றும் உண்டு. இவற்றை ஏன் பரிசீலிக்கவில்லை, வரைபடத்தில் விளையாட்டிடம் எனக் குறித்ததை எந்த ஆணையால் மாற்றினீர்கள், அறிவிப்பு எந்த நாளில் எங்கே வெளியானது என்னும் மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டிருக்கிறோம். விடை தர அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது. தனியே ஆட்சியருக்கு எழுதிய மனுவில் பெரும்பாலான வீட்டார் கையொப்பமிட்டிருக்கிறார்கள். எஞ்சியோரில் நால்வர் அதே அலுவலகத்தில் பணிபுரிகிறவர்கள். அவர்களிடம் நாங்கள் கையொப்பம் கேட்கவில்லை. அவர்களுள் ஒருவருடைய மகன்தான் கைப்பந்து வலை கட்டியவன்.