மூன்றாம் தண்ணீர் வரை காத்திருக்க வேண்டாம்

மலாக்கா காஜா பெராங்கில் உள்ள முத்து மாரியம்மன் கோயிலில் செட்டி சமூகத்தார் ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசி, மே மாத வாக்கில் எடுக்கும் திருவிழாவுக்கு டத்தோ சாச்சார் என்று பெயர். சாச்சார் என்றால் மலாயில் அம்மை. வீட்டில் தமிழ் பேசுவது நின்று பல தலைமுறை கடந்தும் மாரியைக் கைவிடாத மக்கள் அவர்கள். தாங்கள் பேசும் மலாயிலேயே அவளுக்குப் பெயர் வைத்தார்கள். அது நோயின் பெயராகவே அமைந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் பயமும் தப்பிப் பிழைத்தவர்களின் நன்றியும் அந்த ஒரு சொல்லில் கிடக்கின்றன.

அவர்கள் பயந்த பெரியம்மை இன்று உலகில் இல்லை. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். நோய் ஒழிந்தது என்று 1980 மே 8 அன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் பேரவை அறிவித்தது. அதற்கு முன்பும் கோயில்கள் இருந்தன, வேண்டுதல்கள் இருந்தன, பிள்ளைகள் செத்துக்கொண்டும் இருந்தார்கள். ஒழித்தது தடுப்பூசி. இதை வாய்விட்டுச் சொல்வதால் மாரியம்மனுக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. மழுப்புவதால்தான் மிச்சமிருக்கும் அம்மைகளில் நம் பிள்ளைகள் அவதிப்படுகிறார்கள்.

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தாமான் வீடுகளில் இன்றும் காணக்கூடியதுதான் இது. கம்பிக் கதவில் வேப்பிலைக் கொத்து செருகியிருக்கும். உள்ளே தாளிப்பு வாசனை இருக்காது. கறி மீன் நின்றுபோயிருக்கும். வெள்ளைத் துணி விரித்து, வேப்பிலை பரப்பி, மூன்று வயதுப் பிள்ளையைப் படுக்க வைத்திருப்பார்கள். பாட்டி இளநீரை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருப்பார். கிளினிக்குக்குக் கொண்டுபோகலாமே என்று யாராவது வாயெடுத்தால், “அம்மா விளையாடுறா, ஊசி போட்டா கோவிச்சுக்குவா. மூணாந் தண்ணி ஊத்திட்டுப் பார்த்துக்கலாம்” என்று பதில் வரும். அம்மை இறங்கத் தலைக்கு ஊற்றும் மூன்றாவது முழுக்கைத்தான் அப்படிச் சொல்கிறார். பிள்ளையின் விலாவோ ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கிக்கொண்டிருக்கும்.

அந்தப் பாட்டியை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்லிவிட்டுப் போக நமக்கு மனமில்லை. வேப்பிலையைக் கண்டதும் அக்கம்பக்கத்தார் உள்ளே வராமல் நின்றார்கள். வீட்டுக்காரர்களும் வெளியே புழங்குவதைக் குறைத்தார்கள். கிருமி என்ற ஒன்று தெரியாத காலத்தில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் தட்டம்மை, தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. வாசலில் வேப்பிலை ஏறும் நேரத்தில் பாலர் பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தட்டம்மையில் பிள்ளைகளைக் கொல்வது பெரும்பாலும் நிமோனியா. அது தண்ணீர் ஊற்றும் நாள் பார்த்து வருவதில்லை.

சின்னம்மையிலும் காத்திருப்பு ஆபத்துதான். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கடுமையாக வரும். வைரஸை அடக்கும் மருந்து, கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்கிறது. மூன்றாம் தண்ணீருக்குள் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். டாக்டரிடம் காட்டாமல் வீட்டில் கிடக்கும் ஆஸ்பிரினைப் பிள்ளைக்குக் கொடுப்பது இன்னும் மோசம். மூளையையும் ஈரலையும் தாக்கும் விளைவு வரலாம்.

தோட்டம் இருந்த காலத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் இருந்தார். லயத்தில் எந்த வீட்டில் வேப்பிலை தொங்குகிறது என்பது பொழுது சாய்வதற்குள் அவர் காதுக்கு வந்துவிடும். திட்டிக்கொண்டாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சனங்கள் தாமானுக்குக் குடிபோனார்கள். கோயில் கூடவே வந்தது. டிரசர் வரவில்லை.

அவர் இடத்துக்கு இப்போது வாட்ஸ்அப் வந்திருக்கிறது. வேப்பிலை கிருமிநாசினி, மஞ்சள் கிருமிநாசினி, முன்னோர்கள் எல்லாவற்றையும் அறிவியலாகவே செய்தார்கள் என்று தினமும் ஒரு செய்தி. நம் பார்வையில் பாட்டியின் பக்தியைவிட இதுதான் கெடுதல். வேப்பிலை மருந்து என்றால் மருந்துக்குரிய சோதனையில் அது தேற வேண்டும். வேப்பிலை நீர் தட்டம்மையைக் குணப்படுத்தும் என்று எந்தச் சோதனையும் காட்டவில்லை. அம்மனுக்குச் செலுத்தும் மரியாதை என்றால் சோதனையே தேவையில்லை; யாரும் கேட்கவும் மாட்டார்கள். பக்திக்கு ஆய்வகக் கோட்டை மாட்டிவிட்டால் பக்தியும் கெடும், பிள்ளையும் கெடும்.

இதைத் தலைகீழாகவும் ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். வள்ளுவர் உருவம் பொறித்த காசோடு சேர்த்து நாம் நினைவுகூரும் வெள்ளைக்கார அதிகாரி எல்லிஸ் துரைதான் அவர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பக்கத்து மக்கள் அம்மைப்பால் குத்திக்கொள்ளத் தயங்கியபோது, பசுவின் மடியிலிருந்து வரும் அந்தப் பால் சக்தியே அருளியது என்று தமிழில் ஒரு கதை புனைந்தார். நோக்கம் நல்லதுதான். ஆனாலும் சனங்களுக்கு உண்மை விளங்காது, கதை சொன்னால்தான் கையை நீட்டுவார்கள் என்ற துரைத்தனம் அதில் இருக்கிறது. நம் மக்களுக்கு அந்தக் கதை வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

சொல்ல வேண்டியவர்கள் கோயில் நிர்வாகத்தினர். 2016-இல் தடுப்பூசி போடாத குழந்தைகள் தொண்டை அடைப்பானில் இறந்தபோது, இந்நாட்டு முஃப்திகள் முன்வந்து ஊசி போடுவதற்கு மார்க்கத்தில் தடையில்லை என்று பேசினார்கள். நம் பக்கம் அப்படியொரு குரல் எழுந்ததாக நினைவில்லை. ஊசியை எதிர்த்து நம்மில் யாரும் கொடி பிடிப்பதில்லை என்பது உண்மை. சத்தமில்லாமல் தள்ளிப்போடுகிறோம், அவ்வளவுதான். தட்டம்மை ஊசி அரசாங்க கிளினிக்கில் 9-ஆம், 12-ஆம் மாதங்களில் இலவசம். அந்த இரண்டு தேதிகளையும் திருவிழா அழைப்பிதழில் அச்சிட என்ன தடை? மலேசிய இந்து சங்கம் நினைத்தால் மாநிலத்தின் மாரியம்மன் கோயில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சுற்றறிக்கை அனுப்பலாம்.

அருள்வாக்கு சொல்லும் பூசாரிகளுக்கும் இதில் வேலை உண்டு. அம்மை போட்ட பிள்ளைக்குத் திருநீறு கேட்டு வரும் தாயிடம், திருநீறு கொடுத்த கையோடு, கிளினிக்குக்குப் போனாயா என்று கேட்க வேண்டும். ஊசி போட்டால் அம்மன் கோபிப்பாள் என்று எந்தப் பூசாரியாவது சொன்னால், நிர்வாகம் அவரை அன்றே நிறுத்தி வைக்க வேண்டும். கடுமையாகத்தான் சொல்கிறோம்.

மைக்கில் அன்னதானம் எத்தனை மணிக்கு, எந்தக் காரின் விளக்கு எரிகிறது என்றெல்லாம் அறிவிக்கிறார்கள். அதற்கு நடுவே இதையும் சொல்லட்டும்: அம்மை கண்டால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, கூட்டத்தில் உட்காராமல் பிள்ளையைக் காட்டுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளை நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், விலா உள்வாங்கினால், தண்ணீர்கூட இறங்காவிட்டால், நேரே ஆஸ்பத்திரி. வேப்பிலையைக் கதவிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகும்.