அளவுகோலும் தேவையும்

2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், 2023 யூலையில் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது. அதில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு வறுமை அளக்கப்படுகின்றது. அரசியல்வாதியின் சிபாரிசினும் அளவுகோல் மேலானதே, அதனை மறுப்பாரில்லை. ஆயின் ஈண்டு அளக்கப்படுவது குடும்பமேயன்றித் தனிமனிதர் அல்லர்.

கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றில் பல குடும்பங்கள் ஒரே மின்மானியைப் பகிர்ந்துகொள்ளின், அம்மின்பாவனை எவருடைய செல்வத்துக்குச் சான்றாகும்? வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் தனித்து வாழும் மூதாட்டிக்கு மருந்தெடுத்துக் கொடுக்க ஆளில்லை என்பதை எக்குறிகாட்டி உரைக்கும்? பேச்சு வராத பிள்ளைக்கு வேண்டுவது மாதப்பணம் மட்டுமா, பயிற்சியுமா?

வறுமையை அளத்தல் வேறு. தேவையை அறிதல் வேறு. படிவத்துடன் வரும் உத்தியோகத்தர் ‘உங்களிடம் என்ன உண்டு?’ என்று வினவுவதோடு அமைதல் போதாது. ‘உங்களால் எது இயலாதுள்ளது?’ என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினா எழாதவரை நலன்புரி என்பது வெறும் கணக்கெடுப்பே.