பார்க்கலாம், எடுத்துப் போகக் கூடாது

ஒரு ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு, எழுதியவர் பெயர், இதழ், ஆண்டு, கடைசியில் வரும் மேற்கோள் பட்டியல் ஆகிய விவரங்களைத்தான் மெட்டாடேட்டா என்கிறோம். கட்டுரையைப் படிக்கப் பணம் கேட்டாலும் இவையாவது திறந்திருக்கின்றன, ஏபிஐ வழியாக யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் உண்மை?

மேற்கோள் பட்டியலையே பாருங்கள். யாருடைய உழைப்பின் மேல் யார் நிற்கிறார்கள் என்பதற்கு அதுதான் சான்று. பதிப்பகங்கள் அதைக் கிராஸ்ரெஃப் அமைப்பிடம் ஒப்படைத்தன. ஆனால் பொதுவில் திறக்கவில்லை. 2017இல் இதற்கென்று ஓர் இயக்கம் எழும்வரை, அப்படி ஒப்படைக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு ஒன்றுதான் திறந்திருந்தது. எல்சவியர் இறங்கிவர 2021 ஆனது. முழுக்கத் திறந்தது 2022 ஜூனில். இடையில் தொழில்நுட்பம் ஒன்றும் மாறிவிடவில்லை. கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

எல்சவியரின் ஸ்கோபஸுக்கும் ஏபிஐ உண்டு. சாவி வாங்க வேண்டும். இத்தனை முறைதான் கேட்கலாம் என்று அளவு உண்டு. முழுப் பயன் வேண்டுமானால் உங்கள் நிறுவனம் சந்தா கட்டியிருக்க வேண்டும். எடுத்ததை அப்படியே இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கான கட்டுரைக் கணக்கு ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இந்தத் தனியார் கிடங்குகளிலிருந்துதான் வருகிறது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் எத்தனையாவது இடம் என்று சொல்லும் கணக்கு அது. சந்தா இல்லாத கல்லூரி மாணவர் அதைச் சரிபார்க்கவே முடியாது.

2021 இறுதியில் மைக்ரோசாஃப்ட் தன் அகாடமிக் சேவையை இழுத்து மூடியது. அதன் ஏபிஐயை மட்டும் நம்பியவர்கள் தெருவில் நின்றார்கள். ஆனால் அந்தத் தரவை மொத்தமாக நகலெடுக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமம் இருந்தது. அதனால்தான் 2022 ஜனவரியிலேயே ஓப்பன்அலெக்ஸ் அதைச் சுமந்துகொண்டு எழ முடிந்தது.

அங்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. காப்புரிமைச் சிக்கலால், ஆய்வுச் சுருக்கத்தை வாக்கியமாகத் தராமல், எந்தச் சொல் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பிய்த்துத் தருகிறது. நாம்தான் திரும்பக் கோத்துக்கொள்ள வேண்டும். நாலு வரி நிரல் போதும். இருந்தாலும் இது என்ன கூத்து!

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் 2024 ஜனவரியில் ஓப்பன்அலெக்ஸ் தரவைக் கொண்டே தன் தரவரிசையின் ஒரு திறந்த பதிப்பை வெளியிட்டது. அந்தக் கணக்கை யாரும் மறுபடி போட்டுப் பார்க்கலாம். என்.ஐ.ஆர்.எஃப். அதை ஏன் செய்யக் கூடாது என்று நம் மாணவர் அமைப்புகள் கேட்க வேண்டும்.