தூக்கத்திலும் சாதி பார்க்கிறார்கள்

வகுப்பில் தூங்கும் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே கேள்வி கேட்கப்படுவதில்லை. ஆதிக்கச் சாதிப் பிள்ளையிடம் “உடம்பு சரியில்லையா?” என்று கேட்கிற அதே ஆசிரியர், சேரிப் பிள்ளையிடம் “உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு?” என்கிறார்.

நார்கோலெப்சி என்றொரு நரம்பியல் நோய் உண்டு. விழிப்பைக் காக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைவதே பலருக்குக் காரணம். இரவெல்லாம் தூங்கினாலும் பகலில் கண் சொருகும். வாய்விட்டுச் சிரித்தால் சிலருக்கு முழங்கால் துவளும். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் தொடங்குகிறது. அரிய நோய்தான்; ஆனால் கண்டறியப் பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. முதலில் கவனிக்கக்கூடியவர் ஆசிரியர். அவரிடம் ‘சோம்பேறி’ என்ற பதில் முன்பே தயாராக இருந்தால், பிள்ளையை மருத்துவரிடம் யார் அனுப்புவார்?

நோயோ, ரத்தசோகையோ, இரவு வேலையோ, ஒற்றை அறை வீடோ, தூக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினால் அது தீராது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது.

தோழர்களே, இடைநின்ற பிள்ளைகளைத் தேடிப் போகும்போது இதையும் விசாரியுங்கள்: வகுப்பில் தூங்கியபோது உன்னை என்ன சொன்னார்கள்? அடுத்த பெஞ்சுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியை நம் பிள்ளையிடமும் கேட்கச் சொல்வது சலுகை கேட்பதாகாது.