மும்மூர்த்திகளுக்கு முகம் தந்தவர்

தஞ்சாவூர்ப் பக்கம் சங்கீதத்தில் பற்றுள்ள ஒரு வீட்டுக் கூடத்தில் நுழைந்தால், முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் சங்கீத மும்மூர்த்திகளின் படந்தான். தம்புராவுடன் தியாகையர், வீணையுடன் முத்துஸ்வாமி தீட்சிதர், அவர்களோடு சியாமா சாஸ்திரிகள். நாமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காப்பிக்கு உட்கார்ந்து விடுகிறோம். "இவர்கள் இப்படித்தான் இருந்தார்கள் என்று யார் பார்த்துச் சொன்னார்கள்?" என்று எப்போதாவது கேட்டதுண்டா?

மூவருக்கும் பிறந்த ஊர் திருவாரூர். சாஸ்திரிகள் 1827-லும் தீட்சிதர் 1835-லும் காலமாகி விட்டார்கள். புகைப்படம் என்னும் அதிசயம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான்! தியாகையர் 1847 வரை இருந்தார். ஆனால் திருவையாற்றில் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவரைத் தேடி எந்தக் காமிராவும் வரவில்லை.

பின், நாம் கும்பிடும் முகங்கள் எங்கிருந்து வந்தன? அவற்றில் பெரும்பாலானவை, எஸ். ராஜம் என்ற சித்திரக்காரரின் தூரிகையிலிருந்து பிறந்தவை. 1919-ல் பிறந்து, 2010-ல் மறைந்தவர். வீணை எஸ். பாலசந்தரின் அண்ணா. 1934-ல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராமனாக நடித்தவரும் இவரேதான்.

சென்னை ஓவியக் கலைப் பள்ளியில் மேல்நாட்டு முறையைக் கற்றுக்கொண்டார் ராஜம். ஆனால் அவர் மனத்தைக் கொள்ளை கொண்டவை அஜந்தாவும் சித்தன்னவாசலும் இலங்கைச் சிகிரியாவுந்தான். பிரயாணம் செய்து பழைய சுவர்ச் சித்திரங்களைப் பார்த்தார். நிழலையும் வெளிச்சத்தையும் நம்பாமல், வளைந்து ஓடும் கோட்டை நம்பும் அந்த வழியைத் தம் வழியாக்கிக் கொண்டார். தஞ்சாவூர்ப் படம் என்றதும் நமக்குத் தங்க ரேக்கும் கண்ணாடிக் கல்லும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள சுவரில் சோழர்கள் தீட்டிய சித்திரங்கள் இந்தக் கோட்டின் வம்சந்தான். நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்த அவற்றை 1931-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

கோடு கைவந்தால் மட்டும் தீட்சிதரை வரைந்துவிட முடியுமா? ராஜம் பாடகரும் அல்லவா! பாபநாசம் சிவனிடமும், தீட்சிதர் பரம்பரையைச் சேர்ந்த அம்பி தீட்சிதரிடமும் பாடம் கேட்டவர். சென்னை வானொலியில் பல வருஷங்கள் சங்கீதப் பணி செய்தவர். கோடீசுவர ஐயர் 72 மேளகர்த்தா ராகங்களில் இயற்றிய தமிழ்க் கீர்த்தனைகளைப் பாடிப் பரப்பியவர்.

தீட்சிதரின் கீர்த்தனைகளைக் கவனித்துப் பாருங்கள். தெய்வத்தின் நிறம், வாகனம், கையில் உள்ள பொருள் எல்லாம் சாகித்தியத்திலேயே இருக்கும். சௌராஷ்டிர ராகத்துச் சூரியன் கீர்த்தனையில் ஏழு குதிரை பூட்டிய ரதமே வருகிறது! நவக்கிரகக் கீர்த்தனைகளை ராஜம் சித்திரங்களாகத் தீட்டியபோது, காது கேட்டதைக் கை எழுதிற்று. மும்மூர்த்திகளின் முகங்களும் அப்படித்தான். கண்ணால் கண்ட ஜாடை அல்ல. பாட்டில் கேட்ட ஜாடை. அதனால்தான் பொய்யென்று தோன்றாமல் நம் மனத்தில் ஒட்டிக்கொண்டன.

ஆனாலும் ஒரு குறை உறுத்துகிறது. அத்தனை பெரிய மகான்களின் உருவத்தைக் கற்பனையால் மீட்க வேண்டி வந்ததே! எல்லாருக்கும் ஒரு ராஜம் கிடைப்பாரா?

உங்கள் ஊர்க் கோயிலில் நாகசுரம் வாசிக்கும் பெரியவர் இருக்கிறாரா? தேவாரம் பாடும் ஓதுவார் இருக்கிறாரா? இன்று எல்லார் கையிலும் காமிரா இருக்கிறது. ஒரு படம் எடுத்து, அச்சிட்டு, பின்புறம் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் எழுதி வையுங்கள். அப்படியே, கூடத்து மும்மூர்த்தி படத்தைக் காட்டி, "இதை வரைந்தவர் யார் தெரியுமா?" என்று குழந்தைகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.