"ரங்கராஜன்தானே?"

நோயாளிக்கும் மருந்துக்கும் கம்பியில்லா டேக் எதற்கு, அனுபவமுள்ள நர்ஸ் பெயரைக் கூப்பிட்டுக் கேஸ் ஷீட்டைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர், ஸ்ரீரங்கத்துப் பெயர்களை ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ரங்கநாதன், ரங்கராஜன், ரங்கசாமி, ரங்கநாயகி. திருச்சிப் பொது வார்டில் இவர்களில் இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பது அதிசயமே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு "ரங்கராஜன்தானே?" என்று தட்டி எழுப்பினால், காது மந்தமான ரங்கநாதனும் "ம்" என்பார். ஊசி ஏறிவிடும்.

கவனமாக இருந்தால் போதும் என்பது பொறுப்பற்ற பேச்சு. அது தப்பைத் தடுக்காது. நடந்தபின் பழியை சிஸ்டர் தலையில் கட்டும். 2017 டிசம்பரில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் மருத்துவமனையில், பதற்றம் தணிக்கும் வெர்செட் கொடுக்க வேண்டிய நோயாளிக்குத் தசைகளை முடக்கும் வெக்குரோனியம் போனது. அவர் இறந்தார். 2022இல் நீதிமன்றம் குற்றவாளி என்றது மருந்தைக் கொடுத்த நர்ஸை மட்டும்தான்.

சரி, மலிவான பார்கோடு போதுமே என்கிறார். பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் பார்கோடு வந்தபின், நேரம் தவறுவது நீங்கலான மருந்துப் பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 ஆயின, 2010இல் வெளியான ஆய்வு இது. நல்ல பலன், மறுக்கவில்லை. ஆனால் 2008இல் வந்த இன்னோர் ஆய்வைப் படியுங்கள்: நோயாளியின் பார்கோடு நகலைத் தள்ளுவண்டியிலும் கதவு நிலையிலும் ஒட்டிவைத்து, அவர் கைப்பட்டையைத் தொடாமலே ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ரகசியச் சாவி உள்ள டேக், ரீடரின் ஒவ்வொரு புதுக் கேள்விக்கும் புதுப் பதில் தரும். அதை ஜெராக்ஸ் எடுத்து ஒட்ட முடியாது. இரண்டு டேக்குகள் ஒரே நேரத்தில் படிக்கப்பட்டதற்கு அத்தாட்சி தரும் முறையை ஆய்வாளர் ஆரி ஜூயல்ஸ் 2004இலேயே முன்வைத்துவிட்டார். நோயாளி ஒன்று, மருந்து ஒன்று. நமக்குத் தேவை அதுதான்.

மிஃபேர் கிளாசிக் என்ற கம்பியில்லா அட்டையை 2008இல் உடைத்துவிட்டார்களே என்று பயமுறுத்துவதும் அரைகுறை வாதம். அதன் சாவி வெறும் 48 பிட், சங்கேத முறையும் பலவீனம். வலுவான சாவி கேட்பதற்குத்தான் அது காரணம்; டேக்கே வேண்டாம் என்பதற்கல்ல.

பணத்துக்கு எங்கே போவது? மாத்திரைக்கெல்லாம் டேக் மாட்டச் சொல்லவில்லை. இன்சுலின், ஹெப்பாரின், அடர் பொட்டாசியம் குளோரைடு என ஆளைக் கொல்லக்கூடிய மருந்துகளுக்கு முதலில் மாட்டுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்க 1994இலேயே மருத்துவப் பணிகள் கழகம் அமைத்த மாநிலம் இது; மருந்து அந்தக் கழகத்தின் வழியாக வருவதால், டேக்கை எந்த இடத்தில் ஒட்டுவது என்று தேடி அலைய வேண்டியதில்லை. திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தொடங்கலாம்.